பாதைக்குப் போன கிணறு

கோவிந்தாபுரம்
10-7-1978

அன்புத் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு அக்கா மருதாத்தாள் எழுதுவது. அப்பாவும் நானும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம். மலையில் மழை விடாமல் பெய்வதாகப் பேப்பரில் போட்டிருந்ததாம். நீ தலையைத் துவட்டாமல் திரிகிற ஆள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரு சமாச்சாரம். நம் ரோட்டோரத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்போகிறார்கள். செக்போஸ்ட்டில் தொடங்கிப் பள்ளிக்கூடம் வரைக்கும், எட்டடி அகலம். சைக்கிளில் போகிறவர்கள், நடந்து போகிறவர்கள், மாடு பிடித்துப் போகிறவர்கள் எல்லாரும் இனி அதில்தான். லாரியும் பஸ்ஸும் தார் ரோட்டில் எப்படியோ பறக்கட்டும். நஞ்சப்ப மாமன் மகன் சின்னையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லாரியில் அடிபட்டுப் போனானே, அப்போது ஊர்க்காரர்கள் எழுதிப் போட்ட மனுவுக்கு மூன்றரை வருஷம் கழித்து உயிர் வந்திருக்கிறது.

நல்ல காரியம்தான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை அளந்துகொண்டே வந்த ஓவர்சியர், நம் கிணற்று மேட்டில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். பாதை ரோட்டுக்குக் கிழக்கு ஓரமாக வருகிறதாம். அப்படி வந்தால் கிணற்றை மூட வேண்டும். மேற்கு ஓரமாகப் போனால் எதிரே நஞ்சப்ப மாமன் வீட்டு முன்னறை இடிபடும். இரண்டில் ஒன்று.

கிணற்றுப் பூமி உன் பேரில் இருக்கிறது. செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் நீயே நம் சித்தூர் தாலூக்காபீசுக்கு வந்து, முடியாது என்று அபேட்சை மனு எழுதிக் கொடுத்தால் மேற்கு ஓரமாக மாற்றுவார்களாம். இந்தக் கிணறு போனால் நாலரை ஏக்கரும் வானம் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ மலை ஏறியதிலிருந்து ஒரு நோம்பி பண்டிகைக்கும் ஊர்ப்பக்கம் வரவில்லை. இதற்காவது வா.

அக்கா,
மருதாத்தாள்

வண்டிப்பெரியார்
27-7-1978

அக்காவுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. சளி இருந்தது, போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே பத்து நாளாக வெயிலைப் பார்க்கவில்லை. நான் வேலை செய்வது தேயிலை பாக்டரியில் இலை உலர்த்துகிற மாடி. ஈர இலை மலையாக வந்து குவிகிறது. கீழேயிருந்து காற்றாடி ஓட்டி அதைப் பதமாக வாட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும். அதனால் மேற்பார்வை ஆளுக்கு இந்த மாதங்களில் லீவு கொடுக்க யோசிக்கிறார்கள். சாப்பாடு தொழிலாளர் லயத்தில் மூக்கம்மாள் அக்கா வீட்டில். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், காரம் அதிகம், ஆனால் மனதாரப் போடுகிறார்கள்.

பாதை வருவது சந்தோஷம். நஞ்சப்ப மாமனும் ராசம்மாள் அத்தையும் எப்படி இருக்கிறார்கள்? அவர்கள் மகள் சரஸ்வதி பள்ளிக்கூடம் போகிறாளா? நடந்தா, சைக்கிளிலா? இடிபடும் என்றீர்களே, அந்த முன்னறையில் இப்போது யார் இருக்கிறார்கள்? நம் ஊர்க்காரர்கள் இன்னமும் ரோட்டில் கொள்ளு காயப் போடுகிறார்களா?

லீவு கிடைத்தால் எழுதுகிறேன்.

தம்பி,
ஈஸ்வரமூர்த்தி

கோவிந்தாபுரம்
6-8-1978

தம்பிக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். சளி விட்டது கேட்டு நிம்மதி.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இலை வாடுகிற கதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கெணத்தப் பத்தி என்ன எழுதியிருக்கறான்?" என்றார். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் விசாரித்திருக்கிறாய். கிணற்றுக்கு ஒரு வரி இல்லை. அப்பா தன் இருபத்தைந்து வயதில் இரண்டு கோடைக்குப் பாறை உடைத்த கிணறு அது. இப்போது தினமும் விடிந்ததும் போய் அந்தச் சிவப்புக் குறிமேல் சாணியைப் பூசிவிட்டு வருகிறார். சாணி காய்ந்து உதிர்ந்ததும் குறி மறுபடி பளிச்சென்று நிற்கிறது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். சரஸ்வதி ஒன்பதாவது படிக்கிறாள். அண்ணனுடைய அதே சைக்கிள்தான், ஹாண்டிலை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வந்து சேரும் வரை ராசம்மாள் அத்தை ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முன்னறையில் யாரும் இல்லை. அது சின்னையன் படித்த அறை. அவன் புத்தகம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதை இடிப்பார்களோ என்று அத்தை என்னிடம் வந்து அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் மூன்று அறை இருக்கிறது, நமக்கு வேறு கிணறு இல்லை. நான் கல்நெஞ்சுக்காரி என்றாலும் சரி.

கொள்ளு ரோட்டில் போடாமல் எங்கே போடுவார்கள்? செடியை அறுத்துத் தார் ரோட்டில் பரப்பினால் பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கிறது. தாளை ஒதுக்கினால் அங்கேயே காய்கிறது. எல்லா ஊரிலும் நடக்கிற வேலை. இதை ஏன் கேட்டாய்?

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

மருதாத்தாள்

கோவிந்தாபுரம்
28-8-1978

தம்பிக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லையே? இருபது நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் கந்தப்பன் நம் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். இங்கே அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, மற்றபடி தேவலை.

செக்போஸ்ட் பக்கத்தில் மண் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்து நம் கிணற்றுக்கு எத்தனை தூரம்? இதற்கு உடனே பதில் போடு.

மருதாத்தாள்

வண்டிப்பெரியார்
5-9-1978

அக்கா, நலமாக இருக்கிறேன். காய்ச்சலில் ஒரு வாரம் போய்விட்டது, அதுதான் எழுதவில்லை. மூக்கம்மாள் அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பயப்பட வேண்டாம்.

லீவு கேட்டிருக்கிறேன். அப்பாவைக் கிணற்று மேட்டில் ரொம்ப நேரம் உட்கார விடாதீர்கள். இந்த வருஷம் நம் கொள்ளை ரோட்டில் போட வேண்டாம். களத்திலேயே அடித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஈஸ்வரமூர்த்தி

கோவிந்தாபுரம்
14-9-1978

தம்பிக்கு, காய்ச்சல் என்று படித்ததும் பதறிவிட்டேன். மிளகு ரசம் வைத்துக் குடி. மூக்கம்மாளுக்கு என் நன்றியைச் சொல். முகம் தெரியாத பெண், பெற்றவள் மாதிரி பார்த்திருக்கிறாள்.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி ஏறினால் ஒரே நாளில் வந்துவிடலாம் என்று எல்லாருமே சொல்கிறார்கள். நீதான் மறந்துவிட்டாய். உன்னால் முடியாவிட்டால் அப்பாவே சித்தூருக்குப் போய் அபேட்சை கொடுக்கிறேன் என்கிறார். பூமி தன் பேரில் இல்லாதவர் கொடுத்தாலும் வயசைப் பார்த்து இரக்கப்படுவார்கள் என்று வில்லேஜ் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி இறங்க வேண்டுமா? நீயே யோசி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்டுவிடுகிறேன். நாலரை ஏக்கர் இருந்தும் மலைக்கு வேலைக்குப் போனாய். அப்பா கேட்டார், நானும் கேட்டேன், வெளியூர் பார்க்க ஆசை என்றாய். சரி என்று விட்டோம். இப்போது கிணற்றுக்குக்கூட வர யோசிக்கிறாயே, இங்கே உனக்கு யார்மேல் கோபம்? என்மேல் இருந்தால் எழுது. மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே.

அக்கா

கோவிந்தாபுரம்
3-10-1978

ஈஸ்வரமூர்த்திக்கு, நீ நன்றாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். 28-ஆம் தேதி உன்னைச் சித்தூரில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அப்பாவும் நானும் 29-ஆம் தேதி போனோம். அவரை நான் கைத்தாங்கலாகப் படியேற்றினேன். அங்கே இருந்தவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூமிக்காரர் நேற்றே வந்து கிணறு போக முழுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கையெழுத்தைக் காட்டினார். உன் கையெழுத்தேதான். அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

அவ்வளவு தூரம் வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. பெற்ற அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கிணற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எதிரி செய்ய மாட்டான் இதை.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? நஞ்சப்பன் வீட்டைக் காப்பாற்ற ஈஸ்வரன் சொந்தக் கிணற்றைக் கொடுத்தான் என்று புகழ்கிறார்கள். ராசம்மாள் அத்தை என் காலில் விழ வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இனி நீ எழுத வேண்டாம்.

மருதாத்தாள்

வண்டிப்பெரியார்
15-10-1978

அக்காவுக்கு, எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவர் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

சின்னையன் போன அன்று செவ்வாய்க்கிழமை. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். நீங்கள் வீட்டுக்குள் இருந்தீர்கள். காலையில் நம் கொள்ளுச் செடியைக் கிணற்றுக்கு முன்னால் தார் ரோட்டில் பரப்பியிருந்தேன். மத்தியானத்துக்குள் வண்டிகள் மிதித்துவிட்டன. தாளை எடுத்துவிட்டுக் கொள்ளைக் காயவிட்டேன். இனி வண்டி ஏறினால் பருப்பு உடைந்துவிடும் என்று சுற்றிலும் கல் வைத்தேன். ஏழு கல். ஒவ்வொன்றும் தேங்காயைவிடப் பெரியது. ரோட்டில் பாதியை அடைத்துவிட்டேன்.

நாலு மணிக்குச் சின்னையன் சைக்கிளில் வந்தான். பின்னால் லாரி வந்தது. கல்லைப் பார்த்ததும் அவன் நடு ரோட்டுக்கு ஹாண்டிலை ஒடித்தான். லாரி நிற்கவே இல்லை.

எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். ரோட்டில் கல் இருந்தது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் ஆள் வருவதற்குள் நான் கல்லைப் பொறுக்கிவிட்டேன். முதலில் கல்லைப் பொறுக்கினேன். அதற்குப் பிறகுதான் அவனிடம் ஓடினேன். ஏழு கல்லையும் நம் கிணற்றில் போட்டேன்.

பிறகு ஒரு மாசம் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். எதிரே நஞ்சப்ப மாமன் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். என்னைக் கண்டால், நீதானப்பா அவனைத் தூக்கினாய் என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குமேல் இருக்க முடியவில்லை.

அந்தக் கிணற்றைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பையனுடைய அறையை இடிக்கச் சொல்லி நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? வீட்டுக்கு வந்திருந்தால் அப்பா முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடும். அதனால் வரவில்லை. சித்தூரிலிருந்து அப்படியே திரும்பிவிட்டேன்.

நான் புண்ணியவான் இல்லை. பயந்தவன். இதை நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஈஸ்வரமூர்த்தி

வண்டிப்பெரியார்
18-12-1978

அக்காவுக்கு வணக்கம். அனைவரும் சுகம்தானா? இரண்டு மாசமாகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்ததா, வேறு யாராவது பிரித்துவிட்டார்களா என்று நினைத்து நினைத்து வேலை ஓடவில்லை. போன வாரம் இலையைத் திருப்ப மறந்து ஒரு தட்டு முழுக்கச் சிவந்துபோனது. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

ஈஸ்வரமூர்த்தி

கோவிந்தாபுரம்
4-2-1979

தம்பிக்கு, அப்பா இருக்கிறார், சாப்பிடுகிறார், நடமாடுகிறார். உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடிதம் என் கைக்குத்தான் வந்தது. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டேன்.

ஐப்பசியில் கிணற்றை மூடினார்கள். முதலில் தண்ணீரை இறைத்தார்கள். அடி தெரிந்தபோது ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா பாறையில் தன் உளி கொத்திய தடத்தைத் தேடினார். நான் கல்லை எண்ணினேன். ஏழும் இருந்தது. பிறகு மண் அடித்தார்கள். இப்போது அதன்மேல் பாதை ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போகிறார்கள். அப்பா அங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்க்கிறார். என்ன நினைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

நம் பயிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நஞ்சப்ப மாமன் கிணற்றிலிருந்து. வாரத்தில் இரண்டு நாள் மோட்டாரைப் போட்டு ரோட்டுக்கடியில் குழாய் விட்டுப் பாய்ச்சுகிறார். கேட்காமலே செய்கிறார். "உங்க கெணறு எங்க ஊட்டுக்காவத்தானுங்களே போச்சு" என்று அப்பாவிடம் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வருகிற ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுப் பக்கம் பார்க்காமல் வருகிறேன்.

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். நான் வீட்டுக்குள் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னோடு ரோட்டில் நின்றேன், ஈஸ்வரா. நீ சின்னச் சின்னக் கல்லாகத்தான் வைத்தாய். "சின்னக் கல்லா வெச்சா லாரிக்காரன் மதிக்க மாட்டான், பெருசா வெய்யி" என்று சொன்னது நான். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்க உள்ளே போனேன். வெளியே பெரிய சத்தம் கேட்டது. ரோட்டுக்கு ஓடி வருவதற்குள் கிணற்றில் கல் விழுகிற சத்தமும் கேட்டது. வாசல் மறைப்பிலேயே நின்றுவிட்டேன். எல்லாம் தெரிந்துதான் நின்றேன். நீ மலைக்குப் போனபோது ஏன் போகிறாய் என்று ஊருக்கு முன்னால் கேட்டேனே, அதுவும் தெரிந்தே கேட்டதுதான். நீ என் பேரை எடுக்க மாட்டாய் என்று தைரியம். இப்போதும் எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை நஞ்சப்ப மாமன் தன் கொள்ளைப் புதுப் பாதையில் காயப் போட்டார். லாரி வராத இடம், சௌகரியமாக இருக்கிறது என்று இப்போது நாலைந்து பேர் போடுகிறார்கள். சைக்கிள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்திருந்தார். பிள்ளைகள் பாதையை விட்டு ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். மணி மூன்றரை. சரஸ்வதி வருகிற நேரம்.

நான் போய் ஒவ்வொரு கல்லாக எடுத்து வயலுக்குள் போட்டேன். மாமன் எழுந்து வந்து, "என்ன அம்மிணி பண்றீங்க?" என்றார். எனக்குக் கோர்வையாகப் பேச வரவில்லை. இருந்தாலும் எல்லாம் சொன்னேன். யார் வைத்தது, யார் பெரிதாக வைக்கச் சொன்னது, யார் பொறுக்கியது, எந்தக் கிணற்றில் போட்டது, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் கொள்ளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சரஸ்வதி வந்து கடந்து போகிற வரைக்கும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கல்லப் பொறுக்குன நேரத்துல எம்பையனுக்கு உசுரு இருந்துச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அவர் கொள்ளை வாரிக்கொண்டு போய்விட்டார். தண்ணீரை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. மறுநாள் முறைப்படி மோட்டார் ஓடியது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீ வர வேண்டும்.

அக்கா,
மருதாத்தாள்

வண்டிப்பெரியார்
12-2-1979

அக்காவுக்கு, கடிதம் நேற்றுக் கிடைத்தது. நீங்களும் அப்பாவும் நலமாக இருந்தால் அதுவே போதும்.

உயிர் இருந்தது அக்கா. "ஈஸ்வரண்ணா" என்று கூப்பிட்டான். அப்போது என் கையில் நாலாவது கல் இருந்தது. இன்னும் மூன்று கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போனேன். போவதற்குள் இன்னொரு தடவை கூப்பிட்டான். தூக்கி மடியில் வைத்தபோது இல்லை.

இதை நஞ்சப்ப மாமனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்ல வேண்டும். லீவு கேட்கவில்லை, வேலையை விட்டு நின்றுகொண்டேன். சனிக்கிழமை காலையில் புறப்படுகிறேன். பொள்ளாச்சியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து செக்போஸ்ட்டில் இறங்குவேன். முதலில் அவர் வீடு, பிறகுதான் நம் வீடு.

நீங்கள் செக்போஸ்ட்டுக்கு வந்து நில்லுங்கள். அங்கிருந்து பாதையில் சேர்ந்து நடப்போம். தனியாக இறங்கினால் எதிர்ப் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தம்பி,
ஈஸ்வரமூர்த்தி